ஸ்கைரிமுக்கு மோட்: எந்த வழியில் போடுவது?

சித்தி மகன் போன மாதம் தள்ளுபடியில் ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டை வாங்கினான். மூன்றாம் நாள் இரவு பத்தரை மணிக்குப் போன். "அண்ணா, என் ஆளு ஓடவே மாட்டேங்குறான். அம்மாகூட துணிக்கடைக்குப் போற மாதிரி நடக்குறான்."

பையில் என்னடா வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். ஒயிட்ரன் ஊருக்கு வெளியே முதல் டிராகனைக் கொன்றிருக்கிறான். அதன் எலும்பும் செதிலும் பையில். ஓர் எலும்பு 15 எடை, ஒரு செதில் 10. போதாததற்கு நுழைந்த வீட்டிலெல்லாம் எடுத்த பாலாடைக்கட்டி, இரும்புத் தொப்பிகள், யாருடையதோ ஒரு வாளி. ஆட்டத்தின் தொடக்கத்தில் 300 வரைதான் தூக்கலாம். நிலை உயரும்போது ஸ்டாமினாவைத் தேர்ந்தெடுத்தால் தடவைக்கு 5 கூடும். அதைத் தாண்டினால் ஓட்டமும் கிடையாது, வரைபடத்தில் தொட்ட ஊருக்குத் தாவுவதும் கிடையாது.

"எதையாவது கீழே போடு" என்றேன்.

"மோட் போட்டா எவ்வளவு வேணா தூக்கலாமாமே. அதச் சொல்லுங்க."

சரி, போடலாம். மோட் என்பது ஆட்டத்தை மாற்றுவதற்கென்று ரசிகர்கள் செய்து தரும் சேர்க்கை, நம் பிள்ளைகளுக்குப் புதிதும் இல்லை. போனில் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவை ஏற்றி, அதில் நம் அரசுப் பேருந்தின் வண்ணத்தைப் பூசி ஓட்டாத பையனைப் பார்ப்பது அரிது. அது ஒரு கோப்பைப் போட்டால் முடிந்துவிடும் வேலை. ஸ்கைரிமில் அதே வேலைக்கு நாலைந்து வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் கேட்கும் விலை வேறு. அவனிடம் இருப்பது 8 ஜிபி ரேம், 512 ஜிபி வட்டு உள்ள மடிக்கணினி. வட்டில் காலியாக 90 ஜிபி. கல்லூரி முடிந்து வந்தால் தினம் ஒன்றரை மணி நேரம் விளையாட்டு. இதை வைத்துத்தான் கணக்குப் போட்டோம்.

எந்த மோட் நல்லது என்று பட்டியல் போடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: பிடிக்கவில்லை என்றால் கழற்ற முடியுமா? கழற்றிய பிறகு ஆட்டம் பழையபடி ஓடுமா? கழற்ற முடியாததைப் போட்டுக்கொண்டு அதைச் சுதந்திரம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

முதல் வழி, ஒன்றும் போடாமல் அமைப்புகளில் கைவைப்பது. ஸ்கைரிமில் ஆறு கடின நிலைகள் உண்டு. நடுவில் இருக்கும் அடெப்ட்டில் அடியும் வலியும் சமம். கீழே நோவிஸில் நீ கொடுக்கும் அடி இரண்டு மடங்கு, வாங்குவது பாதி. உச்சியில் இருக்கும் லெஜண்டரியில் வாங்குவது மூன்று மடங்கு, கொடுப்பது கால் பங்கு. வேறு எதுவும் மாறாது. கொள்ளைக்காரன் புத்திசாலி ஆவதில்லை. பழைய படத்து அடியாள் மாதிரி எத்தனை வெட்டு வாங்கினாலும் எழுந்து வருகிறான். விளையாடுபவருக்குத் தேர்வு கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு குமிழைக் கையில் கொடுத்த மாதிரி. 2018இல் வந்த செலஸ்ட் என்ற ஆட்டம் இதைவிட நன்றாகச் செய்தது. ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்க, களைப்பில்லாமல் ஏற, சாகாமல் இருக்க என்று தனித்தனிப் பொத்தான்களை அதில் தயாரிப்பாளர்களே வைத்துவிட்டார்கள். எல்லா ஆட்டமும் அப்படி இருந்தால் பாதி மோட்டுகளுக்கு வேலையே இல்லை.

இரண்டாவது, கன்சோல். எஸ்கேப் விசைக்குக் கீழே இருக்கும் அலைக்குறி விசையை அமுக்கினால் ஆட்டம் அப்படியே நின்று, திரையின் அடியில் எழுத ஓர் இடம் வரும். டி.ஜி.எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டி எண்டர் அடித்தால் சாவில்லை, களைப்பில்லை, எடைக் கணக்கும் இல்லை. மறுபடி அதையே தட்டினால் எல்லாம் பழையபடி. எடை வரம்பை மட்டும் ஆயிரமாக்க வேண்டுமானால் அதற்கும் தனிக் கட்டளை உண்டு. இறக்குவதற்கு ஒன்றுமில்லை, வட்டில் ஒரு பைட் போகாது. சித்தி மகன் கேட்ட உதவிக்கு உண்மையில் இதுவே போதும்.

"இது சீட்டிங் இல்லையா அண்ணா?"

யாரை ஏமாற்றுகிறாய் என்று திருப்பிக் கேட்டேன். எதிரில் இன்னொரு ஆள் இல்லாத ஆட்டம் இது. ஆனால் கதைப் பணிகளை முன்னே தள்ளும் கட்டளைகளைத் தொடாதே என்று சொல்லிவைத்தேன். எல்லாப் பணிகளையும் ஒரேயடியாக முடித்துவிடும் நாலெழுத்துக் கட்டளை ஒன்று இருக்கிறது. ஆர்வத்தில் அதைத் தட்டிவிட்டு, அதுவரை சேமித்துவைத்த ஆட்டத்தையே, அதாவது சேவ் கோப்பையே, தூக்கிப்போட்டவர்கள் உண்டு. அதற்குத் திரும்பும் வழி கிடையாது.

மூன்றாவது, ஆட்டத்தின் முகப்பிலேயே இருக்கும் கிரியேஷன்ஸ் பட்டி. ஸ்கைரிமைத் தயாரித்த பெதெஸ்டா 2017இல் கிரியேஷன் கிளப் என்று தொடங்கிய கடையையும், 2016 முதல் இருந்த இலவச மோட் பட்டியையும் 2023 டிசம்பரில் ஒன்றாக்கியது. பட்டனை அமுக்கினால் இறங்கும், மறுபடி அமுக்கினால் போகும். பிளேஸ்டேஷனிலோ எக்ஸ்பாக்ஸிலோ விளையாடுபவருக்கு இதை விட்டால் வேறு கதி இல்லை. அங்கேயும் எல்லாருக்கும் ஒரே அளவு கிடைக்கவில்லை. 2016இல் எக்ஸ்பாக்ஸுக்கு 5 ஜிபி இடம் தந்தார்கள். பிளேஸ்டேஷனுக்கு 1 ஜிபி, அதிலும் வெளியிலிருந்து புதிய உருவம், ஒலி எதையும் கொண்டுவரக் கூடாது, ஆட்டத்தில் ஏற்கெனவே இருப்பதைத்தான் மாற்றி அடுக்கலாம். ஒரே விலை கொடுத்து வாங்கிய ஒரே ஆட்டம்.

கணினியில் இந்தப் பட்டியின் குறை வேறு. ஸ்கைரிமின் பெரிய மோட்டுகளில் பல எஸ்.கே.எஸ்.இ என்ற துணை நிரலின் மேல் நிற்கின்றன. அது ஆட்டத்தின் மூல நிரலோடு ஒட்டிக்கொண்டு ஓடுவது, பட்டி வழியாக வராது. அது வராததால் ஸ்கையுஐயும் வராது. கையில் ரிமோட்டோடு சோபாவில் சாய்ந்திருப்பவருக்காக வரைந்த அந்தப் பொருள் பட்டியலை, எடை, விலை, வகை என்று வரிசைப்படுத்திக் காட்டும் அட்டவணையாக மாற்றுவது ஸ்கையுஐ. அதைப் போட்ட பிறகுதான் எந்த வாளி எவ்வளவு கனக்கிறது என்றே ஒழுங்காகத் தெரியும். அதோடு, தயாரிப்பாளரின் சொந்தச் சேர்க்கைகள் தவிர மற்ற மோட்டுகளில் பெரும்பாலானவற்றைப் போட்டால் சாதனைப் பதக்கங்கள் நின்றுவிடும். அது எனக்குப் பெரிய விஷயமில்லை, சிலருக்கு உயிர்.

காசு விவகாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2015 ஏப்ரல் 23 அன்று, கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஸ்கைரிம் மோட்டுகளை விலைக்கு விற்கலாம் என்று அறிவித்தார்கள். விற்ற காசில் மோட் செய்தவருக்கு 25 சதவீதம். கொதித்து எழுந்த எதிர்ப்பில் 27ஆம் தேதி, அதாவது நாலே நாளில், திட்டத்தைச் சுருட்டிக்கொண்டார்கள். உழைத்தவர் காசு கேட்பதில் எனக்குப் பிழை தெரியவில்லை. ஆனால் ஒருவர் செய்த அசைவுகளை இன்னொருவரின் மோட் பயன்படுத்தும், அதன் மேல் மூன்றாமவர் ஒன்றைக் கட்டியிருப்பார். கூட்டுக் குடும்பத்துச் சமையலறை மாதிரி. அதில் திடீரென்று ஒரு தட்டுக்கு மட்டும் விலைச்சீட்டு ஒட்டினால் சண்டை வராமல் இருக்குமா? இன்றைய கிரியேஷன்ஸ் கடையிலும் விலைக்கு விற்பவை உண்டு. வாங்கும் முன் அதற்கு இலவச மாற்று இருக்கிறதா என்று பார்த்துவிடு என்றேன். இருக்கும், பெரும்பாலும்.

நான்காவது வழிக்கு வருகிறேன், நான் அதிக நாள் குடியிருக்கும் இடம் அதுதான். நெக்ஸஸ் மோட்ஸ் தளத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு மேலாளர் மென்பொருள் வழியாகப் போடுவது.

மேலாளர் எதற்கு என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2011 பதிப்பை வைத்திருந்த காலத்தில், இறக்கிய மோட்டுகளையெல்லாம் ஆட்டத்தின் டேட்டா கோப்புறைக்குள் நேரடியாகக் கொட்டினேன். பழைய கோப்பின் மேல் எழுதவா என்று விண்டோஸ் கேட்கும்போதெல்லாம் ஆமாம், ஆமாம். ஒரே இரவில் முப்பது மோட். மறுநாள் ஒயிட்ரன் வாசலில் காவலர்கள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நின்றார்கள். அசைவுக் கோப்புகள் கெட்டுப்போயிருந்தன. குதிரை கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. தோல் படத்தைக் காணோம் என்றால் ஸ்கைரிம் அப்படித்தான் காட்டும். எந்தக் கோப்பு எந்த மோட்டிலிருந்து வந்தது, எதன் மேல் எதை எழுதினேன் என்று எனக்கே தெரியாது. முழுவதையும் அழித்துவிட்டு டேட்டா கார்டில் இரண்டு இரவு உட்கார்ந்து ஆட்டத்தைத் திரும்ப இறக்கினேன். அந்த மாத டேட்டா அதோடு காலி, வீட்டில் வாங்கிய திட்டு தனி.

மோட் ஆர்கனைசர் என்ற மேலாளர் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ஒவ்வொரு மோட்டையும் அதனதன் தனிக் கோப்புறையில் வைத்துவிட்டு, ஆட்டம் ஓடும் நேரத்தில் மட்டும் எல்லாம் டேட்டாவுக்குள் இருப்பதாக ஆட்டத்தை நம்பவைக்கும். உண்மையான டேட்டா கோப்புறை தொடப்படாமலே இருக்கும். இடப்பக்கப் பட்டியலில் மோட்டின் பெயருக்கு எதிரே ஒரு டிக். எடுத்துவிட்டால் அந்த மோட் இல்லை. இரண்டு மோட்டுகள் ஒரே கோப்புக்கு அடித்துக்கொண்டால் பக்கத்தில் சின்ன மின்னல் குறி வரும்: பச்சைக் கூட்டல் என்றால் இது மேலே எழுதுகிறது, சிவப்புக் கழித்தல் என்றால் இதன் மேல் வேறொன்று எழுதுகிறது. இழுத்து மேலே கீழே வைத்து யார் ஜெயிக்க வேண்டும் என்பதை நீயே தீர்மானிக்கலாம். வலப்பக்கத்தில் பிளக்இன்கள் என்ற மோட் கோப்புகளை ஆட்டம் ஏற்றும் வரிசை, அதாவது லோட் ஆர்டர், தனியாக இருக்கும், அதை லூட் என்ற கருவி ஓரளவு ஒழுங்காக அடுக்கிக் கொடுக்கும். நெக்ஸஸ்காரர்களின் வோர்டெக்ஸும் நல்லதுதான், கற்றுக்கொள்ளவும் எளிது. எதன் மேல் எது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பதால் நான் ஆர்கனைசர் கட்சி.

இதில் ஒரு பொறி உண்டு. டிக்கை எடுத்தால் மோட் போய்விடும் என்பது கோப்புகளுக்குப் பொருந்தும், உன் சேவுக்கு எப்போதும் பொருந்தாது. மரத்தின் படம், வாளின் உருவம், பாட்டு இவற்றையெல்லாம் எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். ஸ்கிரிப்ட், அதாவது பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் சிறு நிரல், உள்ள மோட்டுகள் அப்படியல்ல. பசி, குளிர், புதிய கதைப் பணிகள், கூட வரும் புதிய துணை ஆட்கள், இவை சேவுக்குள் வேர் விட்டுவிடும். நடு ஆட்டத்தில் பிடுங்கினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இருபது மணி நேரம் கழித்து ஏதாவது ஒரு வாசலைத் திறக்கும்போது ஆட்டம் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். அதனால் ஸ்கிரிப்ட் மோட் ஒன்றைப் போடும் முன் ஒரு சேவைத் தனிப் பெயரில் ஒதுக்கி வை. பிடிக்கவில்லை என்றால் அந்தச் சேவுக்கே திரும்பு. மோட் பக்கத்தில் இருக்கும் அழகான படங்களை விட்டுவிட்டு, நடுவில் கழற்றலாமா என்று செய்தவர் எழுதியிருக்கும் வரியை முதலில் தேடு.

மற்றபடி மூன்று மோட் போடு, ஆட்டத்தைத் திற, ஒயிட்ரன் சந்தையை ஒரு சுற்று சுற்று, அப்புறம் அடுத்த மூன்று. இலவசக் கணக்குக்கு நெக்ஸஸில் இறக்கும் வேகத்துக்கு வரம்பு உண்டு; நாலைந்து மோட்டுக்கு அது ஒரு பொருட்டில்லை. சாதாரண பிளக்இன் 254க்கு மேல் போடமுடியாது என்ற வரம்பும் உண்டு. அதைத் தொட்டுவிட்டாய் என்றால் நீ ஸ்கைரிம் விளையாடுவதை விட்டு மோட் ஆர்கனைசரை விளையாட ஆரம்பித்துவிட்டாய் என்று பொருள். எனக்கு நடந்திருக்கிறது. மோசமான ஆட்டமும் இல்லை அது.

என்னவெல்லாம் கிடைக்கிறது என்பதற்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். வண்டியில் கையைக் கட்டிக் கொண்டுபோகும் அந்தப் பழைய தொடக்கத்துக்குப் பதிலாக, விடுதியில் தங்கியவனாகவோ கப்பல் உடைந்து கரையொதுங்கியவனாகவோ தொடங்க வைப்பது ஒன்று. பத்தாம் தடவை ஆடுபவனுக்கு அது வரம். டிராகனை ரயில் எஞ்சினாக மாற்றி ஊதவைத்தது 2013இல் வந்தது, உலகமே சிரித்தது. ராட்சதச் சிலந்திகளை எடுத்துவிட்டு வேறு மிருகத்தை வைப்பது இன்னொன்று. அதைக் கேலியாகப் பார்ப்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் சிலந்தியைப் பார்த்தால் மூச்சு முட்டும் ஆள் ஒருவர் இருக்கிறார். பிளீக் ஃபால்ஸ் கல்லறையில் கூரையிலிருந்து அது இறங்கும் இடத்தோடு அவருக்கு ஸ்கைரிம் முடிந்துபோயிருக்கும். அந்த ஒரு மோட்டால்தான் அவர் மீதி ஆட்டத்தைப் பார்த்தார்.

ஐந்தாவது, யாரோ சமைத்து வைத்ததை அப்படியே பரிமாறிக்கொள்வது. வபாஜாக் என்ற கருவியும், நெக்ஸஸின் கலெக்ஷன்ஸும் இதற்குத்தான். ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஆயிரம் மோட்டுகளை ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கியிருப்பார். கருவி ஒவ்வொன்றையும் அதன் மூல இடத்திலிருந்து இறக்கி, அவர் கணினியில் இருந்தபடியே உன் கணினியில் கட்டித் தரும். திரையைப் பார்த்தால் இது 2011 ஆட்டமா என்று கேட்பாய்.

ஆனால் கணக்கைப் பார். பெரிய தொகுப்புகள் நூற்றுக்கணக்கான ஜிபி. இறக்கிய பொட்டலம் ஒரு பக்கம், பிரித்து நிறுவியது ஒரு பக்கம் என்று இரண்டும் வட்டில் உட்காரும். நெக்ஸஸுக்குச் சந்தா கட்டாதவர் ஒவ்வொரு மோட்டுக்கும் பொத்தானைத் தானே அமுக்க வேண்டும், ஆயிரம் மோட் என்றால் ஆயிரம் தடவை. எல்லாம் முடிந்த பிறகு ஒன்றைப் பிடிக்கவில்லை என்று கழற்றினால், அல்லது ஆசைப்பட்ட ஒன்றைச் சேர்த்தால், பல தொகுப்புகளில் அதன் பிறகு உதவி கேட்க முடியாது: எங்கள் பட்டியலை மாற்றிவிட்டாய், நீயே பார்த்துக்கொள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆயிரம் சீட்டுக் கட்டிய கோபுரத்தில் ஒன்றை உருவியவனுக்கு யார் பதில் சொல்வது? என் அளவுகோலில் மட்டும் இது கடைசி இடம். தயாரிப்பாளர் விருப்பத்திலிருந்து தப்பித்து இன்னொரு அந்நியரின் விருப்பத்துக்குள் குடியேறுவது. அந்த அந்நியருக்கு நல்ல ரசனை இருக்கலாம். நூறு மணி நேரம் ஆடி முடித்தவர், பெரிய வட்டும் நல்ல கிராபிக்ஸ் அட்டையும் உள்ளவர் தாராளமாகப் போகலாம்.

மோட் செய்பவர் பக்கமும் ஒரு கதை இருக்கிறது. கலெக்ஷன்ஸுக்கு அடித்தளம் போட 2021இல் நெக்ஸஸ் ஒரு விதியைக் கொண்டுவந்தது: ஏற்றிய கோப்பை இனி முழுசாக அழிக்க முடியாது, கண்ணில் படாமல் ஒதுக்கி வைக்கத்தான் முடியும். ஒருவர் கோபித்துக்கொண்டு ஒரு கோப்பை அழித்தால் அதை நம்பிய ஆயிரம் பேரின் அடுக்கு சரியும் என்பது அவர்கள் வாதம். நான் செய்ததை நான் எடுக்கக் கூடாதா என்று கேட்டுச் சிலர் தங்கள் மோட்டுகளோடு வெளியேறினார்கள். விளையாடுபவனாக எனக்கு அந்த விதி வசதி. இருந்தாலும் வெளியேறியவர்கள் மேல் கோபம் வரவில்லை.

எந்த வழியில் போனாலும் அப்டேட் என்ற ஒன்றை மறக்கக் கூடாது. 2021 நவம்பர் ஆண்டுவிழாப் பதிப்போடும், 2023 டிசம்பர் கிரியேஷன்ஸோடும் ஆட்டத்தின் மூல நிரல் மாறியது. இரண்டு தடவையும் எஸ்.கே.எஸ்.இ மேல் நின்ற மோட்டுகள் வரிசையாக விழுந்தன. அவை புதுப்பிக்கப்படும் வரை காத்திருப்பதுதான் வழி. அதனால் எஸ்.கே.எஸ்.இ போட்டவர் செய்ய வேண்டிய முதல் வேலை, ஸ்டீமில் ஆட்டத்தின் பண்புகளுக்குப் போய், திறக்கும்போது மட்டும் புதுப்பி என்று மாற்றுவது. பிறகு ஸ்டீமின் பச்சைப் பொத்தானைத் தொடாமல் ஆர்கனைசர் வழியாகவே எஸ்.கே.எஸ்.இயைக் கொண்டு திறப்பது. உன் ஆட்டம் எந்த நாளில் மாற வேண்டும் என்பதை நீ முடிவு செய்ய இந்த ஓர் அமைப்பு போதும். கன்சோலை மட்டும் நம்பியவருக்கு இந்தத் தலைவலியே கிடையாது.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்றும் அவன் கேட்டான், சட்டம் படிக்கும் நண்பன் ஏதோ சொன்னானாம். அமெரிக்காவில் நிண்டெண்டோ ஆட்டங்களில் கூடுதல் உயிர் தரும் கேம் ஜீனி என்ற கருவிக்கு எதிரான வழக்கில், 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருவியின் பக்கம் நின்றது. அதே நீதிமன்றம் 1998இல், டியூக் நியூகெம் என்ற ஆட்டத்துக்கு ரசிகர்கள் செய்த களங்களைத் தொகுத்து விற்ற நிறுவனத்துக்கு எதிராகச் சொன்னது. ஸ்கைரிமுக்கு இந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. 2012 பிப்ரவரியில் பெதெஸ்டாவே மோட் செய்யும் கருவியை இலவசமாகக் கொடுத்துவிட்டது. இணையத்தில் மற்றவர்களோடு மோதும் ஆட்டங்கள் வேறு கதை. அங்கே நீ மாற்றுவது அடுத்தவனின் ஆட்டத்தையும் மாற்றும், கணக்கை முடக்குவார்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆக, அவனுக்கு நான் சொன்னது: முதல் இருபது மணி நேரம் மோட் எதுவும் வேண்டாம், எடை தாங்கவில்லை என்றால் கன்சோல். அதற்குப் பிறகும் ஆட்டம் பிடித்திருந்தால் மோட் ஆர்கனைசர், எஸ்.கே.எஸ்.இ, ஸ்கையுஐ, பிழை திருத்தும் பேட்ச், இந்த நாலு. வபாஜாக் பக்கம் இந்த மடிக்கணினியோடு போகாதே.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தான். நாலும் போட்டிருக்கிறானாம், ஓடுகிறதாம். எடை வரம்பை எவ்வளவுக்கு ஏற்றினாய் என்று கேட்டேன். கொஞ்சம் நெளிந்தான். கன்சோலில் ஆயிரம் வைத்துப் பார்த்தானாம், இரண்டு நாளில் அலுத்துப்போய் பழைய சேவுக்கே திரும்பிவிட்டானாம். இப்போது அமைப்புகளில் சர்வைவல் மோடை முடுக்கி வைத்திருக்கிறான். எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்த சேர்க்கை அது. பசிக்கும், குளிரும், வரைபடத்தில் தாவ முடியாது, தூக்கும் எடையும் முன்பைவிடக் குறைவு.

"அப்போ வாளி?" என்றேன்.

"வாளி போச்சுண்ணா. பாலாடைக்கட்டி மட்டும் வச்சிருக்கேன், குளிர்ல பசிக்குது."